காலி டப்பாவுக்கு ஒரு வரலாறு

டெஸ்க்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. தனியாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி, அதை ஒரு டப்பாவுக்குள் போட்டு, யூஎஸ்பி வழியாகச் செருகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து கடைக்குப் போகிறீர்கள். டப்பா ஐந்நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, பத்தாயிரத்துக்கும் இருக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி அலுமினியத் துண்டு. இரண்டுக்கு உள்ளேயும் ஒன்றுமில்லை, காலி! காலி டப்பாவுக்கு இருபது மடங்கு விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

எங்கள் வகுப்பில் நாலு பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "எதை வாங்கலாம்"னு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பதில் அடுத்த வருடம் செல்லாது. இந்த டப்பாவின் கதை தெரிந்தால் எந்த வருடமும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதனால் கொஞ்சம் பின்னால் போவோம். கொஞ்சம் என்றால் 1956-க்கு. (ஓடாதீர்கள், சீக்கிரம் திரும்பிவிடுவோம்.)

1956 செப்டம்பரில் ஐபிஎம் கம்பெனி ராமாக் 305 என்ற கணினியை அறிவித்தது. அதோடு சேர்ந்து வந்த ஐபிஎம் 350தான் உலகின் முதல் வணிக ஹார்ட் டிஸ்க். கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜான்சன் என்பவர் தலைமையில் செய்தது. இரண்டடி விட்டத்தில் ஐம்பது தட்டுகள், ஒரு டன் எடை, கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் நாலு எம்பி கூட வராது. மொத்த சிஸ்டத்துக்கும் மாத வாடகை 3,200 டாலர். விற்கவில்லை, வாடகைக்கு விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அப்போது எல்லா டிஸ்க்கும் வெளி டிஸ்க்தான்! தனி அலமாரி, தனி மின்சாரம், நடுவில் தடித்த கேபிள். "உள்ளே" என்ற ஒன்றே கிடையாது.

1962-ல் ஐபிஎம் 1311 வந்தது. இதில் தட்டுகளை மட்டும் அடுக்காகக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு அடுக்கு பத்து பவுண்டு, இருபது லட்சம் எழுத்து. மெஷின் ஒன்று, அடுக்குகள் பல. சம்பளக் கணக்கு ஒரு அடுக்கில், சரக்குக் கணக்கு இன்னொரு அடுக்கில். டேட்டா மெஷினை விட்டு வெளியே வந்து அலமாரியில் உட்கார்ந்தது. இந்தப் பதிவு முழுக்க நான் சுற்றிச் சுற்றி வரப்போவது இந்த ஒரு விஷயத்தைத்தான். டேட்டா தன் மெஷினை விட்டு வெளியே வர முடியுமா, முடியாதா?

1973-ல் வந்த ஐபிஎம் 3340-க்கு வின்செஸ்டர் என்று செல்லப்பெயர். அதில் தட்டையும் படிக்கும் தலையையும் சேர்த்து ஒரே பெட்டிக்குள் சீல் வைத்துவிட்டார்கள். தூசி தொல்லை போச்சு, அடர்த்தி கூடியது. ஆனால் அதற்குப் பிறகு டிஸ்க் என்றால் பிரிக்கக்கூடாத ஒரு சீல் வைத்த பொருள் என்று ஆகிவிட்டது. பிரிக்க முடியாத பொருளை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் அதைச் சுற்றி இன்னொரு பெட்டி வேண்டும். நம் கதாநாயகன் இங்கேதான் பிறக்கிறான்.

அடுத்து 1980. ஆலன் ஷுகார்ட், ஃபினிஸ் கானர் ஆகியோர் முந்தைய வருடம் ஆரம்பித்த சின்னக் கம்பெனி (அதுதான் பின்னாளில் சீகேட்) எஸ்டி-506 என்ற டிஸ்க்கை விட்டது. ஐந்தேகால் அங்குலம், 5 எம்பி, விலை சுமார் 1,500 டாலர். மேஜைக் கணினிக்குள் அடங்கும் அளவில் வந்த முதல் ஹார்ட் டிஸ்க் இது.

1981-ல் ஆப்பிள் கம்பெனி ப்ரோஃபைல் என்ற வெளி டிஸ்க்கை ஆப்பிள் த்ரீ கணினிக்காக விட்டது. 5 எம்பி, விலை 3,499 டாலர். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது எது தெரியுமா? அதே சீகேட் எஸ்டி-506-ன் இயந்திரம்! நடுவில் இருக்கிற ரெண்டாயிரம் டாலர் எதற்கு? பெட்டி, மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை, ஆப்பிளே வடிவமைத்த கட்டுப்பாட்டு போர்டு, அப்புறம் அந்த ஆப்பிள் ஸ்டிக்கர். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிற ஆளுக்குக் கை அரிக்கும். ஆனால் முழுக்கக் கொள்ளை என்றும் சொல்ல முடியாது. அந்தக் கட்டுப்பாட்டு போர்டு அந்தக் காலத்தில் நிஜமாகவே விலை கூடிய சமாச்சாரம். டிஸ்க் பேசும் பாஷை வேறு, கணினி பேசும் பாஷை வேறு. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். காசு அவருக்குத்தான்.

இன்றைக்கும் அதேதான். ஐந்நூறுக்கும் பத்தாயிரத்துக்கும் வித்தியாசம் அலுமினியத்தில் இல்லை, உள்ளே நகத்தளவு இருக்கிற அந்த மொழிபெயர்ப்பாளரில். கடைப் பாஷையில் அதற்குப் பெயர் பிரிட்ஜ் சிப்.

ஷுகார்ட் பெயரால் வந்த இன்னொரு சங்கதியும் உண்டு. அவர் முன்னால் நடத்திய கம்பெனியில் சாசி என்று ஒரு இணைப்பு முறை உருவானது. அதுதான் வளர்ந்து 1986-ல் ஸ்கஸி என்ற பெயரில் அமெரிக்கத் தரமாக ஆனது. அதே வருடம் ஜனவரியில் வந்த மேகின்டாஷ் ப்ளஸ்ஸில் முதுகுப்பக்கம் ஸ்கஸி துளை இருந்தது. டிஸ்க், ஸ்கேனர் எல்லாவற்றையும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகக் கோக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கணும், இரண்டு பெட்டிக்கு ஒரே எண் விழுந்தால் தகராறு. கடைசிப் பெட்டியில் டெர்மினேட்டர் என்று ஒன்றைச் செருகணும், மறந்தால் எதுவும் சரியாக ஓடாது. (அர்னால்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

ஸ்கஸி துளை இன்று எந்தக் கணினியிலும் பார்க்கக் கிடைக்காது. ஆனால் ஸ்கஸி சாகவில்லை. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ஐபிஎம் பிசி பக்கம் நிலைமை வேறு. 1983-ல் பிசி எக்ஸ்டி 10 எம்பி டிஸ்க்கோடு வந்தது, டிஸ்க் கணினிக்குள்ளேயே இருந்தது. காம்பேக், வெஸ்டர்ன் டிஜிட்டல், கன்ட்ரோல் டேட்டா கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்த ஐடிஇ முறை 1980-களின் பிற்பகுதியில் பரவியது. மலிவு. ஆனால் கேபினட்டுக்குள் மட்டும்தான் வேலை செய்யும், கேபிள் ஒன்றரை அடிக்கு மேல் போகக்கூடாது. பிசிக்காரனுக்கு வெளி டிஸ்க் வேண்டுமென்றால் பிரின்டர் துளைதான் கதி. அந்த ஓட்டையில் புகுந்து சம்பாதித்தது ஐயோமெகா. 1995 வாக்கில் சந்தைக்கு வந்த ஸிப் டிரைவ் 200 டாலருக்குள், தட்டு ஒன்று 20 டாலர் போல, கொள்ளளவு 100 எம்பி. ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கிற அதே கில்லெட் தந்திரம். பிறகு "க்ளிக்... க்ளிக்" என்று சத்தம் போட்டு டிரைவ் செத்துப்போவதாகப் புகார்கள் கிளம்பி 1998-ல் கோர்ட் வரை போனது தனிக் கதை.

இப்போது யூஎஸ்பி. 1996 ஜனவரியில் முதல் பதிப்பு. இன்டெல்லில் அந்த முயற்சியை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் அஜய் பட், பரோடாவில் படித்தவர். 1998-ல் 1.1 வந்தது, வேகம் நொடிக்கு 12 மெகாபிட். கேட்க நன்றாக இருக்கிறது. எட்டால் வகுத்து, வழிச்செலவு கழித்தால் கையில் வருவது நொடிக்கு ஒரு எம்பி. 20 ஜிபி டிஸ்க்கை முழுசாக நகல் எடுக்க ஐந்தரை மணி நேரம். டிஸ்க் நல்ல வேகத்தில் ஓடக்கூடியதுதான், கேபிள்தான் குறுக்கே படுத்துக்கொண்டது. மவுஸுக்கும் கீபோர்டுக்கும் யோசித்ததை டிஸ்க்கில் மாட்டினால் அப்படித்தான் ஆகும். 400 மெகாபிட் வேகத்தில் ஃபயர்வயர் 1995-லேயே தரமாகிவிட்டது, தரத்திலும் மேல். ஆனால் சிப் விலையும் உரிமத் தொகையும் சேர்ந்து மலிவு பிசிகளில் அதை நுழையவிடவில்லை. வீடியோ எடிட்டிங் ஆட்களோடு நின்றுவிட்டது.

2000 ஏப்ரலில் யூஎஸ்பி 2.0. 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி சொச்சம். ஐந்தரை மணி நேரம் பதினோரு நிமிஷமாகச் சுருங்கியது. காலி டப்பா வியாபாரம் உண்மையில் சூடு பிடித்தது இதற்குப் பிறகுதான். கூடவே 2003-ல் சாட்டா வந்தது. அதுவரை டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 40 பின், லேப்டாப் டிஸ்க்குக்கு 44 பின், பவர் கனெக்டர் வேறு வேறு. சாட்டாவில் பெரிய டிஸ்க், சின்ன டிஸ்க் இரண்டுக்கும் ஒரே மாதிரி வாய். ஜம்பர் செருகி மாஸ்டர், ஸ்லேவ் பார்க்கிற பிழைப்பும் ஒழிந்தது.

ஒரு தொல்லை பாக்கி. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் தரும். லேப்டாப் டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூடக் கேட்கும். அதனால்தான் அந்தக் காலத்து டப்பாக்களோடு இரண்டு வாய் வைத்த கேபிள் வரும், இரண்டு துளையிலும் செருகணும். ஒன்றில் மட்டும் செருகினால் டிஸ்க் "டிக்... டிக்" என்று முனகும், சுழலாது. நிறைய நல்ல டிஸ்க்குகள் இப்படி "செத்துப்போச்சு" என்று குப்பைக்குப் போயிருக்கும் என்பது என் சந்தேகம்.

எல்லாவற்றையும் விட சுவாரசியம் உள்ளே நடக்கிற பேச்சுதான். யூஎஸ்பியில் டிஸ்க் பேசுவதற்கென்று ஒரு விதிமுறை வகுத்தபோது, புதுப் பாஷை எதுவும் கண்டுபிடிக்காமல் பழைய ஸ்கஸி கட்டளைகளையே உறைக்குள் போட்டு அனுப்பும்படி செய்துவிட்டார்கள். அதாவது உங்கள் கணினி யூஎஸ்பி கேபிள் வழியாக ஸ்கஸியில் பேசுகிறது. டிஸ்க்குக்குத் தெரிந்ததோ ஐடிஇ, அல்லது சாட்டா. பிரிட்ஜ் சிப் வரிக்கு வரி மொழிபெயர்க்கிறது. துளை போனாலும் பாஷை போகவில்லை. 1986-ல் தரமான பாஷையில்தான் இன்றைக்கும் உங்கள் பென் டிரைவ் கணினியோடு பேசிக்கொண்டிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் சொதப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பழைய பிரிட்ஜ் சிப்கள் டிஸ்க்கின் கட்டங்களை 32 பிட் எண்ணில் எண்ணும். ஒரு கட்டம் 512 பைட். பெருக்கிப் பார்த்தால் 2.2 டிபியோடு எண்ணிக்கை முடிந்துபோகிறது. அதில் 3 டிபி டிஸ்க்கைப் போட்டால், எண் சுற்றித் திரும்பி வந்து, மிச்சமிருக்கிற 746 ஜிபியை மட்டும் காட்டும்! இதைச் சரிக்கட்ட சில டப்பாக்கள் எட்டு எட்டுக் கட்டமாகச் சேர்த்து 4,096 பைட் என்று கணினியிடம் சொல்லிவைத்தன. டப்பாவுக்குள் இருக்கும்வரை சரி. டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக மதர்போர்டில் மாட்டினால் பார்ட்டிஷனே தெரியாது. டேட்டா அங்கேயேதான் இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் மாறியதால் யாருக்கும் புரியவில்லை. இன்னும் மோசம், சில கம்பெனிகளின் ரெடிமேட் வெளி டிஸ்க்குகளில் பிரிட்ஜ் சிப்பே டேட்டாவைப் பூட்டி (என்க்ரிப்ட் செய்து) எழுதும். நீங்கள் பாஸ்வேர்டு போடவில்லை என்றாலும்! சிப் கருகினால், டிஸ்க் நல்லபடி இருந்தும் பயனில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைக் கணக்கு, யார் யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம், ஆறு வருடத்து விவகாரம் எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில். ஒரு நாள் மதர்போர்டு போய்விட்டது. நகல் கிடையாது. நாலு ஸ்க்ரூ கழற்றி, அந்த டிஸ்க்கை ஒரு மலிவு டப்பாவில் போட்டு என் டெஸ்க்டாப்பில் செருகினேன், எல்லாம் அப்படியே வந்தது. "என்னடா மாப்ளே, டிபன் டப்பா மாதிரி இருக்கு, இதுக்குள்ளயா என் கடை இருக்கு?" என்றார். ஆமாம் மாமா, அதுக்குள்ளதான். டிஸ்க் தனி, மெஷின் தனி என்று இருந்ததால் வந்தது.

சரி, எஸ்எஸ்டிக்கு வருவோம். ஃப்ளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. 1984-ல் முதல் வகையை அறிவித்தார், 1987-ல் நாண்ட் வகையை. அழிக்கிற வேகம் கேமரா ஃப்ளாஷை நினைவுபடுத்தியதால் அந்தப் பெயர் என்கிறார்கள். உலகமே அவர் கண்டுபிடிப்பில் ஓடுகிறது, ஆனால் அவர் தன் பழைய கம்பெனி மேலேயே வழக்குப் போட வேண்டியிருந்தது. 2006-ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது. 1991-ல் சன்டிஸ்க் (பிறகு சான்டிஸ்க்) கம்பெனி ஐபிஎம்முக்காக 20 எம்பி எஸ்எஸ்டி செய்தது, விலை ஆயிரம் டாலர் வாக்கில். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா. 2017 முதல் மைக்ரானின் தலைவர்.

சாதாரண மனிதனுக்கு எஸ்எஸ்டி எட்ட ஆரம்பித்தது 2008-ல் இன்டெல் எக்ஸ்25-எம் வந்தபோது. 80 ஜிபி, 595 டாலர். நொடிக்கு 250 எம்பி படிக்கும். அதைக் கொண்டுபோய் யூஎஸ்பி 2.0 டப்பாவில் போட்டால் 30 எம்பி. ஜல்லிக்கட்டுக் காளையைக் கோழிக் கூண்டில் அடைத்த கதை. அந்த வருடம் நவம்பரிலேயே யூஎஸ்பி 3.0 அறிவிக்கப்பட்டது, 5 கிகாபிட். ஆனால் வீட்டுக்கு வர வருடங்கள் ஆயின. இன்டெல்லின் சொந்தச் சிப்செட்டில் அது ஏறியதே 2012-ல்தான். நீலக் கலர் நாக்கு ஞாபகம் இருக்கிறதா? அதேதான். 900 மில்லிஆம்பியர் கொடுத்ததால் இரட்டை வாய் கேபிளுக்கும் விடுதலை.

இந்த இடைவெளியில் இன்னொரு கூத்து நடந்தது. 2011 கடைசியில் தாய்லாந்தில் பெருவெள்ளம். உலகத்து ஹார்ட் டிஸ்க் உற்பத்தியில் பெரும்பங்கு அங்கேதான், வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அமெரிக்காவில் 3 டிபி உள் டிஸ்க்கின் விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஏறியது. வேடிக்கை என்னவென்றால், அதே டிஸ்க்கை டப்பாவில் போட்டு விற்கும் வெளி டிஸ்க் விலை அவ்வளவு ஏறவில்லை. டப்பாவோடு சேர்த்து வாங்கினால் டப்பா இல்லாமல் வாங்குவதைவிட மலிவு! ஆன்லைன் பேக்கப் தொழில் நடத்தும் பேக்பிளேஸ் என்ற கம்பெனி உடனே ஊழியர்கள், சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாரையும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு அனுப்பியது. ஆளுக்கு இரண்டு என்று கடைக்காரன் கட்டுப்பாடு போட்டான், கடை கடையாக ஏறினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வாங்கி, டப்பாவை உடைத்து எறிந்துவிட்டு, டிஸ்க்கை மட்டும் தங்கள் மெஷினில் மாட்டினார்கள். இவர்களே பிறகு இதைக் கதையாக எழுதியும் வைத்தார்கள்.

மைக்ரோ எகனாமிக்ஸ் பேப்பரில் "பிரைஸ் டிஸ்கிரிமினேஷன்" படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உள் டிஸ்க் வாங்குபவனும் வெளி டிஸ்க் வாங்குபவனும் வேறு வேறு ஆள் என்று கம்பெனி நினைக்கிறது. நடுவில் இருக்கும் வேலி நாலு பிளாஸ்டிக் கொக்கி. கொக்கியை நெம்பத் தெரிந்தவனுக்கு வேலி கிடையாது. (இப்போது சில சின்ன வெளி டிஸ்க்குகளில் யூஎஸ்பி துளையை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். வேலியை உயர்த்திவிட்டார்கள் என்று சொல்லலாம்.)

கிளேட்டன் கிறிஸ்டென்சன் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1997-ல் எழுதிய "தி இன்னவேட்டர்ஸ் டிலெமா" புத்தகத்தைப் பற்றி மேனேஜ்மென்ட் வகுப்பில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் அவர் ஆராய்ந்த தொழிலே இந்த ஹார்ட் டிஸ்க் தொழில்தான். 14 அங்குலம், 8, ஐந்தேகால், மூன்றரை என்று ஒவ்வொரு தடவை அளவு சுருங்கும்போதும் பழைய ஜாம்பவான்களில் பெரும்பாலோர் காலியானார்கள். மரபியல்காரர்களுக்குப் பழ ஈ எப்படியோ, தொழில் ஆராய்ச்சிக்கு ஹார்ட் டிஸ்க் அப்படி, அவ்வளவு சீக்கிரம் தலைமுறை மாறும் என்கிறார். டப்பாத் தொழிலில் நேர் எதிர். கடையில் ஐம்பது பிராண்ட், பிறக்கவும் இறக்கவும் செய்கின்றன. ஆனால் உள்ளே மொழிபெயர்க்கிற சிப் தைவானின் ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா, ரியல்டெக் என்று விரல்விட்டு எண்ணுகிற கம்பெனிகளிடமிருந்துதான். ஸ்டிக்கர் வேறு, சரக்கு ஒன்று. அதனால் கடையில் பிராண்டைக் கேட்பதைவிட சிப் எது என்று கேட்பது புத்திசாலித்தனம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

சிப்பில் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. பழைய யூஎஸ்பி முறையில் ஒரு கட்டளை போய், பதில் வந்த பிறகுதான் அடுத்த கட்டளை. ரேஷன் கடை வரிசை மாதிரி. ஹார்ட் டிஸ்க்குக்கு அது போதும், எஸ்எஸ்டி சும்மா உட்கார்ந்திருக்கும். பல கட்டளைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் யூஏஎஸ்பி முறை பிறகு வந்தது. விண்டோஸ் 8-லிருந்து ஆதரவு உண்டு. எஸ்எஸ்டி போடப்போகிற டப்பாவில் யூஏஎஸ்பி என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை டப்பா வழியாகப் போய்ச் சேர்வதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தது.

பிறகு டிஸ்க்கே உருவம் மாறியது. 2011-ல் என்விஎம்இ என்ற புதுப் பாஷை. சாட்டா டிஸ்க்கோடு பேசுகிற பழைய முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளை. இதிலோ அறுபத்தைந்தாயிரம் வரிசை வரை வைக்கலாம். 2013 வாக்கில் எம்.2 என்ற சூயிங்கம் துண்டு வடிவம். குழப்பம் இங்கேதான். எம்.2 என்பது உருவம், பாஷை இல்லை. அதே சூயிங்கம் வடிவத்தில் சாட்டா பேசும் எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ பேசும் எஸ்எஸ்டியும் உண்டு. ஒன்றுக்கான டப்பாவில் மற்றதைப் போட்டால் கண்டுகொள்ளாது. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய எம்.2 துண்டு எந்த வகை என்று தெரியாவிட்டால், இரண்டும் பேசும் சிப் (ரியல்டெக் 9210பி மாதிரி) உள்ள டப்பா நல்லது.

யூஎஸ்பியிலிருந்து என்விஎம்இக்கு மொழிபெயர்க்கும் ஜேமைக்ரான் சிப்போடு டப்பாக்கள் 2018-ல் வந்தன. 10 கிகாபிட், நொடிக்கு ஆயிரம் எம்பி. ஒரு டிபியை பதினேழு நிமிஷத்தில் நகல் எடுக்கலாம். யூஎஸ்பி 2.0 என்றால் ஒன்பது மணி நேரம்.

இதற்கிடையில் யூஎஸ்பி கூட்டமைப்பு செய்த காரியத்துக்கு மன்னிப்பே கிடையாது. 2008-ல் 3.0 என்று பெயர் வைத்ததை 2013-ல் 3.1 ஜென் 1 என்றார்கள். 2017-ல் 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் அதே 5 கிகாபிட்! கம்பெனி பெயரை மூன்று தடவை மாற்றினாலும் பேலன்ஸ் ஷீட் அதேதானே? 2022-ல் புத்தி வந்து, "யூஎஸ்பி 10 ஜிபிபிஎஸ்" என்று வேகத்தையே பெயராகப் போடச் சொன்னார்கள். ஆனால் கடைக்காரர்களுக்கு "3.2" என்று மட்டும் போட்டு விற்பது வசதியாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கிகாபிட் எண்ணைப் பாருங்கள், மற்றதை விடுங்கள்.

அதிலும் 20 கிகாபிட் டப்பா ஒரு பொறி. உங்கள் டெஸ்க்டாப்பில் அதே 20 கிகாபிட் துளை இருந்தால்தான் அந்த வேகம். இல்லாவிட்டால் 10-க்கு இறங்கிவிடும். யூஎஸ்பி4 துளை இருந்தாலும் கூட 20 கட்டாயமில்லை, அங்கேயும் பெரும்பாலும் 10-தான்! காசு கூடக் கொடுத்துப் பாதி வேகம்.

2019-ல் வந்த யூஎஸ்பி4 தண்டர்போல்ட் 3-ஐ அடிப்படையாகக் கொண்டது, 40 கிகாபிட். 2023-ல் ஏஎஸ்மீடியாவின் சிப் வந்த பிறகு அதற்கான டப்பாக்கள் பெருகின. நொடிக்கு 3,000 எம்பிக்கு மேல். பத்தாயிரம் ரூபாய் டப்பா இதுதான். இதில் ஒரு வரலாற்றுத் திருப்பம் இருக்கிறது. இந்த வழியில் ஸ்கஸி மொழிபெயர்ப்பு கிடையாது. மதர்போர்டுக்குள் ஓடும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையையே கேபிளுக்குள் சுரங்கம் மாதிரி நீட்டிவிடுகிறார்கள். கணினிக்கு அந்த எஸ்எஸ்டி வெளியே இருப்பதே தெரியாது. உள்ளே மாட்டியதாகவே நினைத்துக்கொள்ளும். ப்ரோஃபைல் காலத்திலிருந்து நாற்பது வருடம் நடுவில் உட்கார்ந்து சம்பாதித்த மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே வேலை இல்லை.

இப்போது நம் டெஸ்க்டாப். முதலில் கேபினட்டைத் திறந்து பாருங்கள். மதர்போர்டில் எம்.2 துளையோ சாட்டா துளையோ காலியாக இருந்தால், நிரந்தர இடத்துக்கு டப்பாவே வேண்டாம், நேராக உள்ளே மாட்டுங்கள். வேகமும் கூட, செலவும் மிச்சம். துளை இல்லை, அல்லது நகல் எடுத்துத் தனியே வைக்கணும், அல்லது ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலையணும் என்றால்தான் டப்பா. பழைய சாட்டா எஸ்எஸ்டி கையில் இருந்தால் 5 கிகாபிட் டப்பாவே தாராளம், அந்த டிஸ்க் எப்படியும் 550 எம்பியைத் தாண்டாது. புதிதாக என்விஎம்இ வாங்குகிறவர்களுக்கு என் கணக்கில் 10 கிகாபிட் டப்பாதான் சரியான இடம். அதில் 7,000 எம்பி வேக எஸ்எஸ்டியைப் போடுவது வீண், மிட் ரேஞ்ச் போதும், மிச்சக் காசில் கொள்ளளவைக் கூட்டுங்கள். என்விஎம்இ நன்றாகச் சூடாகும், சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் உலோக உடம்பும், சிப்புக்கும் உடம்புக்கும் நடுவே ஒட்டும் தெர்மல் பேடும் அலங்காரம் இல்லை. டப்பாவைக் கேபினட்டின் பின்பக்கத் துளையில் செருகுங்கள், முன்பக்கத் துளைகள் பல சமயம் குறைந்த வேகம்தான்.

நகல் எடுக்க வாங்குகிறவர்கள் மட்டும் இன்னொன்றைப் பார்க்கணும். 2016-லிருந்து ஆப்பிள் தன் பல லேப்டாப்களில் எஸ்எஸ்டியை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிட்டது. மற்ற கம்பெனிகளின் மெல்லிய மாடல்கள் சிலவற்றிலும் இப்படித்தான். கழற்றவே முடியாது என்னும்போது எந்த டப்பாவில் போடுவது? கழற்ற முடிந்தாலும், விண்டோஸ் 11-ன் 2024 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. திருடன் கையில் போனால் அது நல்லது. மதர்போர்டு போய், மீட்புச் சாவி எங்கே என்று தெரியாவிட்டால், மாமாவின் கடைக் கணக்கை நான் எடுத்த மாதிரி எடுக்க முடியாது. இன்றைக்கே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அந்த 48 இலக்கச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். டப்பாவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

கொசுறு: யூஎஸ்பியைச் செருகும்போது முதல் தடவை தப்பு, திருப்பினால் தப்பு, மறுபடி திருப்பினால் சரி என்று ஆகிறதே, அதைப் பற்றி அஜய் பட்டிடமே கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் செருகும்படி செய்திருந்தால் ஒயரும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகி விலையும் இரட்டிப்பாகியிருக்கும், அதனால்தான் செய்யவில்லை என்றார். எப்படிச் செருகினாலும் ஏற்கிற டைப்-சி 2014-ல்தான் வந்தது.